நாற்பத்திரண்டு நாள் சாட்சி

உபதேசியார் ஞானசிகாமணி ஜெபத்தில் ‘முடிவாக’ என்று சொன்னது இது இரண்டாவது தடவை. ஆனால் அவருடைய முடிவாகவுக்குப் பிறகுதான் மழை வரும், துறைமுகம் வரும், நாட்டை ஆளுகிறவர்கள் வருவார்கள், பரீட்சை எழுதும் பிள்ளைகள் வருவார்கள், எல்லோரும் வந்துபோன பிறகே பிறந்தநாள் பிள்ளையின் முறை வரும் என்பது எப்சிபாவுக்குத் தெரியும், ஆகவே அவள் முக்காட்டுக்குள்ளிருந்து ஒரு கண்ணை மட்டும் திறந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். ஆறு நாற்பது. ஏழு மணிக்கு அபிக்கு மருந்து. மடியில் அபி பலூனைப் பார்த்தபடி கட்டைவிரலைச் சப்பிக்கொண்டிருந்தாள். இன்றைக்கு மூன்று வயது. ரோஸ் நிற ஃபிராக்கின் வலைத்துணி எப்சிபாவின் முழங்கையில் உரசிக்கொண்டே இருந்தது, குழந்தைக்கும் உரசத்தானே செய்யும், ஒன்றும் சொல்லாமல் இருக்கிறாளே, இந்தக் குழந்தை எதற்குமே ஒன்றும் சொல்வதில்லையே. ஜமுக்காளத்திலும் கோயிலிலிருந்து கொண்டுவந்த நாற்காலிகளிலுமாக இருபத்தைந்து பேர் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்கள். அந்த ஏழு மணியைப் பற்றி அறிந்தவர்கள் அவர்களில் இரண்டே பேர். ஒருத்தி அவள். இன்னொருவன் நிலைப்படியோரம் நிற்கிற அவள் கணவன் டைட்டஸ். இவ்வளவு இறுக்கிக் கண்ணை மூடுகிறவன் ஜெபிக்கவில்லை, ஒளிந்துகொண்டிருக்கிறான். மற்ற எல்லோருக்கும், அபியின் வலிப்பு மருந்து நின்று நாற்பத்திரண்டு நாளாகிறது, நாற்பத்திரண்டு நாளாக ஒரு வலிப்பும் இல்லை. அதைத்தான் அத்தை, டைட்டஸின் அம்மா தங்கபுஷ்பம், வேதவாசிப்பும் பிரசங்கமும் முடிந்ததும் எழுந்து சாட்சியாகச் சொல்லப்போகிறாள். அதற்கு முன்னால் எப்சிபா சொல்லிவிட வேண்டும். எதை, எப்படி, எந்த வார்த்தையிலிருந்து. முதல் வாக்கியம் ஒன்று கிடைத்தால் போதும், மீதியை அதுவே இழுத்துக்கொண்டு வந்துவிடும் என்று நேர்முகத்தேர்வுகளுக்குப் போன காலத்தில் தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள். அந்த முதல் வாக்கியம்தான் எந்தத் தேர்விலும் கிடைத்ததில்லை.

இன்றைக்குச் சாயங்காலம்வரை எல்லோர் முன்னாலும் சொல்கிற நினைப்பே அவளுக்கு இல்லை. இந்தக் கூட்டம் கடந்துபோகட்டும், அத்தை சொல்வதைச் சொல்லட்டும், நான் பாட்டுக்குக் கொடுத்துக்கொண்டிருப்பேன், டாக்டர் சொன்ன இரண்டு வருஷம் முடிந்ததும் யாருக்கும் தெரியாமலே எல்லாம் சரியாகிவிடும் என்றுதான் இருந்தாள். ஐந்தரை மணிக்கு ரோஸ்லின் அக்கா அடுப்படிக்கு வந்து கேசரியைக் கிண்டுகிற கரண்டியை வாங்கிக்கொண்டாள். ‘நீ போய் சேலைய மாத்து எப்சி, நான் பாத்துக்கிடுதேன்.’ கரண்டியைக் கொடுத்துவிட்டு நகர்ந்தவளிடம், கேசரியைப் பார்த்துக்கொண்டே, யாரோ இட்லிக்கு ஊறப்போட்டதைச் சொல்வதுபோலச் சொன்னாள்: ‘எங்க ஃபெமிக்கும் வர ஞாயித்துக்கிழமையோட நிறுத்திரலாம்னு இருக்கோம்.’ எதை என்று எப்சிபா கேட்கவில்லை. ஃபெமிக்கு ஐந்து வயது. அவளுக்கும் வலிப்பு. ஆஸ்பத்திரி வராந்தாவில் இரண்டு அம்மாக்களும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பழகியவர்கள், ஒரே டாக்டர், ஒரே மருந்து, ஃபெமிக்கு அளவு மட்டும் கூட. ‘உங்க அத்தை சாட்சியக் கேக்கணும்னுதான் எங்க மாமியாரையும் கூட்டிட்டு வந்துருக்கேன். நான் ஒத்தையாளா நம்புனா போதாதுல்லா? வீட்டுல எல்லாரும் சேந்து விசுவாசிக்கணும்லா?’ அப்போது கேசரியில் ஒரு கொப்புளம் வெடித்து அவள் மணிக்கட்டில் தெறித்தது, அவள் சிரித்துக்கொண்டே ஊதினாள். ‘உன்னையப் பாத்துதான் எனக்குத் தைரியம் வந்துச்சு எப்சி. படிச்ச பிள்ளை, நீயே விட்டுட்டியே.’

நீயே விட்டுட்டியே. இந்த இடத்தில் வந்து வந்து நினைப்பு முட்டிக்கொண்டு நின்றது, சேலையின் முந்தானை கதவிடுக்கில் மாட்டிக்கொண்டதுபோல, எவ்வளவு இழுத்தும் வரவில்லை. ரோஸ்லின் அக்காவின் காதில் மட்டும் சொல்லிவிடலாம். அதுதான் நல்லது. அக்கா, நான் விடலை, நீங்களும் விடாதீங்க. அவ்வளவுதான், யாருக்கும் காயமில்லை. ஆனால் அவள் வீட்டுக்குப் போய் என்ன சொல்வாள்? எப்சி எங்கிட்ட ரகசியமாச் சொன்னா என்றா? அவள் மாமியார் கேட்பாளே, அதோ நாலாவது நாற்காலியில் கைகளைக் கோத்து உட்கார்ந்திருக்கிற அந்த ஒல்லியான மனுஷி, நாக்கு கூர்மையானவள், கேட்பாளே: சபைக்கு முன்னால அவ்வளவு பேர் கேக்கச் சொன்னது நிசமா, அடுப்படியில உன் காதுல ஊதுனது நிசமா? காதில் சொன்னது காதோடு போகும். அத்தையின் சாட்சி ஞாயிற்றுக்கிழமை கோயிலில் இன்னொரு தடவை சொல்லப்படும், அதற்குப் பிறகு சபை மடலில் வரும், அதை எழுதித் தரும்படி உபதேசியார் கேட்டது யாரை, அவளைத்தான். ‘நீதாம்மா எழுதணும், இந்த வீட்டுல டிகிரி படிச்சது நீதானே, ஒரு பக்கம் போதும்.’ கோடு போட்ட தாளைக்கூட அவரே கிழித்துக் கொடுத்திருந்தார். ஒரு வாரமாக அந்தத் தாள் அவளுடைய வேதாகமத்துக்குள் வெறுமையாக இருக்கிறது. படித்த பிள்ளை எழுதினால் அது அச்சாகும், அச்சானதை வலிப்புள்ள பிள்ளையின் அம்மா எந்த ஊரில் உட்கார்ந்து வாசிப்பாளோ. ஐயோ, ஒரு தேக்கரண்டிப் பொய் எவ்வளவு தண்ணீரில் கலக்கிறது.

‘முடிவாகத் தகப்பனே,’ என்றார் உபதேசியார் மூன்றாவது தடவையாக. பலூன் ஒன்று மின்விசிறிக் காற்றில் நகர்ந்துபோய் ஆணியில் பட்டு வெடித்தது. ‘ஸ்தோத்திரம்!’ என்று யாரோ தூக்கத்திலிருந்து கத்தினார்கள். அபி திடுக்கிட்டு உடம்பை ஒரு தரம் உதறினாள். எப்சிபாவின் இரண்டு கண்களும் திறந்துகொண்டன; குழந்தையின் கண்மணியைப் பார், ஒருபக்கமாகப் போகிறதா, இல்லை, உதடு, உதடு நிறம் மாறவில்லை, கையைத் தொட்டுப் பார், விரல் மடங்குகிறதா, மடங்குகிறது, சாதாரணமாக மடங்குகிறது, பயந்திருக்கிறாள், அவ்வளவுதான், எல்லாப் பிள்ளைகளும் பயப்படுகிற பயம். மூச்சு திரும்பி வந்தது. மற்ற அம்மாக்களுக்குப் பலூன் வெடித்தால் பலூன்தான் வெடிக்கும். எப்சிபா நிமிர்ந்தபோது எதிரில் ஒரே ஒரு ஜோடிக் கண் திறந்திருந்தது. ரோஸ்லின் அக்கா. அவளும் பார்த்திருக்கிறாள், அதே கண்மணியை, அதே உதட்டை, அதே வரிசையில். ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் பரவியது. பாத்தியா, மருந்து இல்லாமலே பிள்ளை எப்படி இருக்கு என்கிற வெளிச்சம். எப்சிபாவால் அதைப் பார்க்க முடியவில்லை.

அந்த வெள்ளிக்கிழமையை நினைத்தாள். உபவாச ஜெபத்துக்குப் போய்த் திரும்பிய அத்தை, அழுது வீங்கிய கண்களோடு நேராக அலமாரியைத் திறந்து மருந்துப் பாட்டிலை எடுத்துப் போய்க் குழாயடியில் கவிழ்த்தாள். கர்த்தருக்குப் பொருத்தனை பண்ணியிருக்கேன் எப்சி, இனி இது வேண்டாம், மூணாவது பொறந்தநாளைக்கு எல்லாருக்கும் முன்னால சாட்சி சொல்லுதேன்னு சொல்லி ஒப்புக்கொடுத்துட்டேன். இளஞ்சிவப்பு நிறத்தில் மருந்து சாக்கடை வாய்க்குள் போவதைப் பார்த்துக்கொண்டு எப்சிபா நின்றாள். அப்போது சொல்லியிருக்க வேண்டும். டாக்டர் சொன்னதை இரண்டு தடவை கேட்டு எழுதி வைத்திருக்கிறாள்: ரெண்டு வருஷம் ஒண்ணும் வராம இருந்தா கொஞ்சம் கொஞ்சமா நாங்களே குறைப்போம், நீங்களா திடீர்னு நிறுத்துனா முன்னைவிட மோசமா வரும். அந்தத் தாளை எடுத்துவந்து அத்தைக்கு முன்னால் விரித்திருக்க வேண்டும். அதற்குப் பதிலாகச் செருப்பை மாட்டிக்கொண்டு பால் வாங்கப் போகிறேன் என்றாள். இரண்டு மெடிக்கலில் இல்லை. மூன்றாவதில் கிடைத்தது. அன்றைக்குக் கொடுக்கும்போது எட்டேகால் ஆகிவிட்டது. அதற்குப் பிறகு ஒரு வேளைகூடத் தப்பவில்லை. காலையில் குளிக்க வைக்கும்போது, சாயங்காலம் கொடியில் துணி எடுக்கிற சாக்கில் மொட்டைமாடியில். பாட்டில் அவளுடைய சாப்பாட்டுப் பைக்குள் அவளோடு கப்பல் ஏஜென்சி ஆபீசுக்குப் போய் அவளோடு திரும்பி வரும். மாடிப்படி ஏறும்போதே அபி வாயைத் திறந்துகொள்வாள். ஒரு நாள் டைட்டஸ் மேலே வந்து பார்த்துவிட்டான். அளவு மூடியையும் குழந்தையின் வாயையும் பார்த்தான். ‘பொறந்தநாள் முடியட்டும் எப்சி. அம்மா மனசு ஒடஞ்சிரும்,’ என்றான். அவனும் துணி மடித்தான். ஒரு வேட்டியை நாலு தடவை மடித்தான்.

அம்மா மனசு. அதுதான் இன்னொரு முடிச்சு. கெட்டவளாக இருந்திருந்தால் எவ்வளவு எளிது. முதல் தடவை வலிப்பு வந்தபோது, பதினாலு மாதப் பிள்ளை கைகால் விறைத்து வாயில் நுரையோடு கிடந்தபோது, எப்சிபா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். படித்ததெல்லாம் எங்கே போனதோ. அத்தைதான் பிள்ளையை வாரித் தோளில் போட்டுக்கொண்டு, செருப்பில்லாத காலோடு, பங்குனி வெயிலில் கொதிக்கிற தார் ரோட்டில் ஆட்டோவை மறித்தாள். உள்ளங்கால் இரண்டும் கொப்பளித்துப்போனது ராத்திரி களிம்பு போடும்போதுதான் அத்தைக்கே தெரிந்தது. அன்றிலிருந்து வெள்ளிக்கிழமைகளில் பச்சைத் தண்ணீரும் கிடையாது. பகலெல்லாம் பிள்ளையைப் பார்ப்பவள் அத்தை, சோறு ஊட்டுகிறவள் அத்தை, எப்சிபா ஆபீஸில் நிம்மதியாக உட்கார முடிகிறதென்றால் வீட்டில் அத்தை இருக்கிறாள் என்பதால். இன்று காலையில்கூடத் தைரியத்தைத் திரட்டிக்கொண்டு, ‘அத்தை, மருந்து விஷயமா,’ என்று ஆரம்பித்தாள். அத்தை ஏலக்காய் தட்டிக்கொண்டிருந்தாள். ‘இன்னிக்கு அந்தப் பேச்சே எடுக்காத. எம்பிள்ளைக்கு நல்ல நாளு.’ என்று சொல்லி, ஏலக்காய் மணக்கிற விரலால் எப்சிபாவின் கன்னத்தைத் தொட்டுவிட்டுப் போனாள். இந்த மனுஷியைத்தானா இருபத்தைந்து பேருக்கு முன்னால். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு எந்த முகத்தோடு போவாள். அப்புறம் என்னை எந்த முகத்தோடு பார்ப்பாள். கர்த்தர் ஒன்றும் செய்யவில்லை என்றா நான் சொல்லப்போகிறேன்? எட்டு மாதமாக வலிப்பில்லை, அதற்குத் தினமும் முழங்காலில் நின்று நன்றி சொல்கிறவள்தானே நானும். மருந்து வேலை செய்தது என்றால் அவர் வேலை செய்யவில்லை என்று அர்த்தமாகுமா? இதை இவர்களுக்கு விளக்க எனக்கு வராது. விளக்க வேண்டாம். நடந்ததைச் சொன்னால் போதும்.

அப்பாவின் அட்டை. அது ஏன் இப்போது. அப்பா உப்பளத்தில் வேலை பார்த்தார், எழுத்து அறியாதவர், வீட்டில் எந்தத் தாள் வந்தாலும் அது அவள் கையில்தான் முதலில் வரும். அப்போது அவளுக்குப் பதினொரு வயது. காசநோய் மாத்திரை அட்டையில் ஆறு மாதம் என்று எழுதியிருந்தது. இரண்டு மாதத்தில் அப்பாவுக்கு இருமல் நின்றது. இனி எதுக்குப் பிள்ளை இது, வயிறு எரியுது என்று மாத்திரையை நிறுத்தினார். அட்டை அவள் கையில் இருந்தது. ஆறு என்று வாசித்தாள், மனசுக்குள் வாசித்தாள். அப்பா சந்தோஷமாக இருந்தார், பொரிகடலை வாங்கி வந்திருந்தார், அவர் சந்தோஷமாக இருக்கும்போது யார் குறுக்கே பேசுவது என்று அவளும் பொரிகடலை தின்றாள். அடுத்த வருஷம் நோய் திரும்பி வந்து ஒரு நுரையீரலை எடுத்துக்கொண்டது. இன்றைக்குப் பேத்தியின் பிறந்தநாளுக்கு அவரால் இந்த மாடிவீட்டுப் படி ஏற முடியாது. ‘படிக்கத் தெரிஞ்ச பிள்ளை எங்கிட்டச் சொல்லிருக்கலாம்லா,’ என்று அவர் ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்காமலே இருக்கிறார். அவள் பள்ளியில் படித்து, கல்லூரியில் கணிதம் படித்து, பட்டம் வாங்கி, தெருவே பார்க்கக் கறுப்பு அங்கியில் படம் எடுத்துக்கொண்டாள். அந்த அட்டையில் இருந்த ஆறை மட்டும் இன்னும் வாய்விட்டு வாசிக்கவில்லை.

ஆமென் என்றார்கள் எல்லோரும். ஆறு நாற்பத்தொன்பது. பாட்டு ஒன்று. டைட்டஸ் வேதவாக்கியம் வாசித்தான். பிரசங்கத்தைச் சுருக்கமாகவே வைத்துக்கொள்கிறேன் என்ற உபதேசியார் அதிசயமாகச் சுருக்கினார், கேசரியின் நெய் மணம் அவரையும் எட்டியிருக்க வேண்டும். ‘இப்ப நம்ம பாட்டியம்மா ஒரு சாட்சி சொல்லுவாங்க,’ என்றார். அத்தை எழுந்தாள். அத்தைக்கு நாலு பேர் முன்னால் பேசி வழக்கமில்லை. சேலைத் தலைப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தொண்டையைச் செருமினாள். எப்சிபாவின் காதுக்குள் கடல் மாதிரி இரைந்தது. வார்த்தைகள் துண்டு துண்டாக வந்தன: பதினாலு மாசத்துல... ஆட்டோவுல போகும்போது எம்பிள்ளை செத்துட்டுன்னே நெனச்சேன்... பொருத்தனை பண்ணுனேன்... நாப்பத்திரெண்டு நாளு, ஒரு சொட்டு மருந்து கெடையாது. ‘ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்.’ ரோஸ்லினின் மாமியார் மெதுவாகத் தலையை ஆட்டி, பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஃபெமியின் தலையில் கை வைத்தாள். அந்தக் கையை எப்சிபா பார்த்தாள். ஒல்லியான கை, வளையல் தழைந்து முழங்கைவரை போயிருந்தது, அன்பாகத்தான் வைத்தாள். இதுதான் அந்த இடம். அத்தை உட்காருவாள், உபதேசியார் பாட்டைத் தொடங்குவார், தொடங்கினால் முடிந்தது, பாட்டுக்குள் யாரும் பேச முடியாது, பாட்டுக்குப் பிறகு கேக், கேக்குக்குப் பிறகு செருப்பைத் தேடுகிற கூட்டம், அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை. சாட்சிக்கும் பாட்டுக்கும் நடுவில் உபதேசியார் கண்ணாடியைத் துடைத்துக்கொள்கிற நேரம்தான் இருக்கிறது. அவர் கண்ணாடியைக் கழற்றினார். முதல் வாக்கியம் இன்னும் கிடைக்கவில்லை. கிடைக்காமலே எப்சிபா அபியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு எழுந்து நின்றாள்.

‘நான் மருந்து கொடுத்துட்டுதான் இருக்கேன்.’

உபதேசியார், ‘என்னம்மா?’ என்றார்.

‘அபிக்கு. காலையில ஏழு, சாயங்காலம் ஏழு. அத்தை நிறுத்துன அன்னிக்கே வேற பாட்டில் வாங்கிட்டேன். ஒரு வேளைகூட விடலை. அத்தைக்குத் தெரியாது. அவங்க தெரிஞ்சதைத்தான் சொன்னாங்க, அவங்க மேல ஒரு குத்தமும் இல்ல. மறைச்சது நான். அதனாலதான் பிள்ளைக்கு ஒண்ணும் வரலை. ஜெபம் பண்ணிக்கிட்டேதான் கொடுத்தேன்.’ ரோஸ்லினின் பக்கம் திரும்பினாள். ‘ரோஸ்லின் அக்கா, ஃபெமிக்கு நிறுத்திராதீங்க. திடீர்னு நிறுத்துனா மோசமா வரும்னு டாக்டர் எங்கிட்டச் சொன்னாரு. உங்ககிட்டயும் சொல்லியிருப்பாரு.’

யாரும் ஸ்தோத்திரம் சொல்லவில்லை. அத்தை இன்னும் உட்காரவில்லை. நின்ற இடத்திலேயே சுற்றி எல்லோரையும் பார்த்தாள், பிறகு எப்சிபாவைப் பார்த்தாள், ‘என்னையப் போய்...’ என்று ஆரம்பித்து, முடிக்காமல், ஜமுக்காளத்தில் உட்கார்ந்திருந்தவர்களின் கால்களைத் தாண்டித் தாண்டி அடுப்படிக்குள் போய்விட்டாள். டைட்டஸ் நிலைப்படியை விட்டு வந்து எப்சிபாவின் பக்கத்தில் நின்றான். ‘எனக்கும் தெரியும்,’ என்றான், யாரிடம் என்றில்லாமல். உபதேசியார் கண்ணாடியை மாட்டினார், கழற்றினார், பாட்டுப் புத்தகத்தைத் திறந்து ஏதோ எண்ணைத் தேடினார், மூடினார். ‘நல்லது. நல்லதும்மா. பிறகு பேசுவோம். இப்ப பிள்ளைக்காக,’ என்று சொல்லிவிட்டு, வாழ்க்கையில் முதல்தடவையாக மேற்கொண்டு வார்த்தை கிடைக்காமல் நின்றார்.

ரோஸ்லினின் மாமியார் எழுந்து தலைப்பை உதறினாள். ‘வாடி, போவோம். சாட்சி சொல்லுத வீடாம். மாமியா ஒண்ணு சொல்லுதா, மருமவ ஒண்ணு சொல்லுதா.’

‘இருங்கத்தை,’ என்றாள் ரோஸ்லின். அவள் எழுந்திருக்கவில்லை. எப்சிபாவையே பார்த்துக்கொண்டிருந்தாள், அந்தப் பார்வையில் கோபம் இருந்தது, ஏமாற்றம் இருந்தது, இரண்டுக்கும் கீழே, சுமையை இறக்கப் போனவள் மறுபடி தலையில் ஏற்றிக்கொள்கிற அலுப்பு இருந்தது. ‘அடுப்படியிலயே சொல்லிருக்கலாம்லா எப்சி,’ என்றாள். பிறகு கைப்பையை மடியில் இழுத்துத் திறந்தாள். ‘மணி ஏழாகுது அத்தை. ஃபெமிக்கும் இதே நேரம்தான். குடுத்துட்டுப் போவோம்.’ பாட்டிலை எடுத்து வெளியே வைத்தாள், அளவு மூடியைத் திருகினாள், கூட்டத்தில் ஒருவர் அவளுக்கு வெளிச்சம் விழும்படி ஒதுங்கி உட்கார்ந்தார். ‘கொஞ்சம் தண்ணி வேணும்.’

எப்சிபா அபியை டைட்டஸிடம் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். அத்தை தண்ணீர்க் குடத்துக்கு முன்னால் முதுகைக் காட்டி நின்றிருந்தாள். பேசித் தீர்க்க இன்று முடியாது, நாளைக்கும் முடியாது, எத்தனை வெள்ளிக்கிழமை ஆகுமோ. மன்னிப்புக் கேட்கிற வாக்கியம் ஒன்று நெஞ்சுவரை வந்தது. அதை எப்சிபா அப்படியே வைத்துக்கொண்டாள். இப்போது அதைக் கேட்டால் சொன்னதெல்லாம் தப்பு என்று ஆகிவிடும்.

‘அத்தை, தண்ணி எடுக்கணும்.’

கூடத்தில் அபி அப்பாவின் தோளிலிருந்து கேக்கைக் காட்டி ஏதோ கேட்பது காதில் விழுந்தது. திரும்பாமலே அத்தை ஓர் அடி விலகினாள், ஒரு கை உள்ளே நுழைகிற அளவுக்கு. எப்சிபா கையை நீட்டி இரண்டு டம்ளர் மோந்தாள்.